இம்பால் வானில் முதலாம் ஸ்குவாட்ரன்

போர்விமான அணி என்றதும் வானில் நேருக்கு நேர் நிகழும் சண்டையே நினைவுக்கு வருகிறது. இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரனை அந்த அளவுகோலால் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். 1944 பிப்ரவரியில், அர்ஜன் சிங் தலைமையில் ஹரிக்கேன் விமானங்களுடன் இம்பால் சென்ற அவ்வணியின் முதன்மைப் பணி வேவு பார்த்தல். இருவர் இருவராகப் பறப்பார்கள். ஒருவர் தாழப் பறந்து காட்டுப் பாதைகளையும் ஆற்றுத்துறைகளையும் நோக்க, மற்றவர் எதிரி விமானம் வருகிறதா என்று காவல் காப்பார். மார்ச் இறுதியில் கோஹிமா சாலை துண்டிக்கப்பட்டது. ஜூன் 22 வரை இம்பால் முற்றுகையில் கிடந்தது. மலைக்காட்டில் ஜப்பானியர் எங்கே திரள்கின்றனர் எனத் தரைப்படை அறிய இக்கண்கள் பெரிதும் உதவின. அர்ஜன் சிங்குக்கு மவுண்ட்பேட்டன் டி.எஃப்.சி. பதக்கத்தைக் களத்திலேயே அணிவித்தார்.

பதக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிது. பாலேல் பக்கம் முன்னேறிய படையில் இந்திய தேசிய ராணுவத்தினரும் இருந்தனர் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரங்களுக்கு மேலே விரையும் விமானத்திலிருந்து ஜப்பானியர் யார், இந்தியர் யார் என்று எப்படிப் பிரித்தறிவது? அர்ஜன் சிங் 1964இல் விமானப்படைத் தளபதியானார். அந்த வீரர்களையோ, சுதந்திர இந்தியாவின் ராணுவம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.