ஒன்ஃபிமின் விலங்கு: நோவ்கோரோத் மரப்பட்டை 199 – ஒரு மறுவாசிப்பு

நோவ்கோரோத் நகரின் நெரெவ்ஸ்கி அகழாய்வில் 1956 ஜூலையில் வெளிப்பட்ட, ஒன்ஃபிம் என்ற 13ஆம் நூற்றாண்டுச் சிறுவனின் பூர்ச்சமரப் பட்டைகளில் எழுத்தைப் பயிற்சி என்றும் படத்தைக் கிறுக்கல் என்றும் பிரித்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். பாடத்தில் சலித்துப்போன சிறுவன் எழுத்தாணியைப் படத்தின் பக்கம் திருப்பினான் என்பார்கள். 199ஆம் பட்டை இந்தப் பிரிவினைக்கு இடம் தரவில்லை.

பட்டைக் கலமொன்றின் அடிப்பகுதி அது, நீள்வட்டம். ஒரு முகத்தில் முழு நெடுங்கணக்கும் அதைத் தொடர்ந்து அசை வரிசையும் உள்ளன. (நம் உயிர்மெய் வரிசையில் மெய் நிற்க உயிர் மாறும், இங்கே உயிர் நிற்க மெய் மாறுகிறது.) மறு முகத்தில் நீண்ட கழுத்தும் சுருண்ட வாலும் உடைய ஒரு விலங்கு. அதனருகே, தான் ஒரு விலங்கு என்று தன்மையில் அறிவிக்கும் சொற்கள். பக்கத்தில் கட்டம் கட்டி, ஒன்ஃபிம் தானிலோ என்பவனுக்குச் சொல்லும் வணக்கம்.

தன்மையில் அமைந்த அந்தச் சொற்களே சிக்கலின் மையம். பொருள்கள் தாமே பேசுவதுபோல் பொறிப்பது இடைக்கால மரபு, ஆகவே இது வெறும் பெயர்க்குறிப்பு என்று ஒரு தரப்பு வாதிடும். மரபை நான் மறுக்கவில்லை. ஆனால் 200ஆம் பட்டையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் பகைவனை ஈட்டியால் குத்தும் குதிரைவீரன் இருக்கிறான். பக்கத்தில் ஒன்ஃபிம் என்ற பெயரும் நெடுங்கணக்கின் முதல் சில எழுத்துகளும் மட்டுமே. அந்தப் பெயர் வீரனுடையதோ வரைந்தவனின் கையொப்பமோ, எப்படியானாலும் அங்கே தன்மைச் சொல் இல்லை. பெயர் இடுவது வேறு, படத்தைப் பேச வைப்பது வேறு என்று இச்சிறுவன் அறிந்திருந்தான் என்றே கொள்ளத் தோன்றுகிறது. இரண்டே பட்டைகளைக் கொண்டு செய்யும் அனுமானம்தான் இது. எனினும் கிறுக்கல் என்ற விளக்கத்தைவிட இது சான்றோடு நன்கு பொருந்துகிறது.

வணக்கத் தொடர் அக்காலக் கடிதங்களின் வழக்கமான தொடக்கம், எனவே அதுவும் பயிற்சியே என்பர். இருக்கட்டும். வாய்பாட்டைக் கற்ற பிள்ளை அதை ஓர் ஆளுக்கு அனுப்பக் கூடாதா? பேசும் உருவம், அனுப்புபவன், பெறுபவன் மூன்றும் ஒரே முகத்தில் கூடியிருக்கின்றன. நிகழ்ச்சித் தொடர்ச்சி இல்லாததால் இதைக் கதைப்புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று வீட்டில் தாள்களை மடித்துத் தைத்துப் பிள்ளைகள் ஆக்கும் புத்தகங்களின் அடிப்படைக் கூறுகள் 13ஆம் நூற்றாண்டின் இந்தப் பட்டையிலேயே உள்ளன.

எந்த முகம் முதலில் எழுதப்பட்டது என்ற கேள்வி இவ்வாதத்தைத் தொடாது. ஆறேழு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்ற தடையும் நிற்காது: அந்த வயதே படங்களைக் கொண்டு கணித்ததுதான். படத்தை வைத்து வயதைச் சொல்லி, வயதை வைத்துப் படத்தைத் தள்ளுவது வட்ட வாதம்.

199இன் இரு முகங்களும் ஓர் ஆவணம். படத்தை விட்டு எழுத்தை மட்டும் பெயர்த்துத் தரும் பதிப்பு எதுவாயினும் அது அரைப் பதிப்பே.