பாட்டின் நீளமும் பரிசிலும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றினுள் கபிலர் குன்று நிற்கிறது. கபிலர் உயிர்நீத்த இடமென்பது மரபு. பக்கக் கணக்குப் பார்த்தா மின்னூலுக்கு விலை தருகிறோம் என்னும் கேள்வி எழும்போது நாம் நினைக்க வேண்டியவர் அவர்.

பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தைப் பாடிய கபிலர் நூறாயிரம் காணமும், மன்னன் குன்றின்மேல் நின்று காட்டிய நாடும் பெற்றார் என்கிறது பதிகம். நான்காம் பத்தைப் பாடிய காப்பியாற்றுக் காப்பியனாருக்கோ நாற்பது நூறாயிரம் பொன்! இருவர் பாடியதும் பத்துப் பாட்டே. பதிகங்கள் பிற்காலத்தவை, தொகையில் மிகை இருக்கலாம்; ஆயினும் அடியை எண்ணிப் பரிசில் அளந்ததாக அவை சொல்லவில்லை.

எண்ணத் தொடங்கியது அமேசான். 2014இல் வந்த கிண்டில் அன்லிமிடெட், முதலில் இரவல் ஒன்றுக்கு ஒரே தொகை தந்தது. குறுநூல் எழுதியவர்க்குக் கொண்டாட்டம். 2015 சூலை முதல் படிக்கப்பட்ட பக்கத்துக்கே பணம்.

தமிழிலோ நெடுநூல்களே விலையின்றிக் கிடைக்கின்றன. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாயின. ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களும் மதுரைத் திட்டத்தில் உள்ளன. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 26 நாவல்களும் 2014 முதல் 2020 வரை இணையத்திலேயே வெளிவந்தன. இவற்றைச் செலவின்றிப் படித்த வாசகரிடம் பக்கத்தைக் காட்டி விலை கேட்பது வீண்.