அடைக்கோழியும் அதன் தோழியும்



கோழி முட்டை பொரிக்க 21 நாள் ஆகும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. தோட்டத்து லயங்களிலும் கம்பத்து வீடுகளிலும் அடுப்படிக்குப் பின்னால் ஒரு பழங்கூடை இருக்கும். அதில் கொஞ்சம் வைக்கோலோ கந்தலோ விரித்திருக்கும். அதன்மேல் சிறகை உப்பிக்கொண்டு, கிட்டே போனால் கொத்த வரும் ஒரு கோழி உட்கார்ந்திருக்கும். பால்வெட்டுச் சம்பளம் குடும்பத்துக்குப் போக, அந்தக் கூடையிலிருந்து வரும் நாலு காசுதான் பல பெண்களின் சொந்தக் கைக்காசு. ஆகவே அடைக்கோழியின் வரலாறு வெறும் பறவை வரலாறு அன்று. வீட்டு வரலாறும் ஆகும். அந்த வரலாற்றில், இரண்டு கோழிகள் கூடிக் குஞ்சு வளர்க்கும் செய்தியை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். கோழி நம் வட்டாரத்துப் பறவை. தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியே உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகிய பகுதிகளில் வாழும் கிளையினமே வீட்டுக் கோழிக்கு மிக நெருங்கியது என்று 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டிற்று. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளே வீட்டுக் கோழிக்கான மிகப் பழைய உறுதியான சான்று என்று 2022இல் அறிஞர்கள் முடிவு கூறினர். அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1650க்கும் கி.மு. 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் விளைந்த கழனிகள் காட்டுக்கோழியை மனிதரிடம் இழுத்து வந்தன என்பது அவர்களின் கருத்து. மலேசியாவின் காட்டோரங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் அந்த மூதாதையை இன்றும் காணலாம்.

காட்டுக்கோழி அடைகாக்கும் முறை தனிமை முறை. முட்டையிடும் காலம் முடிந்ததும் பேடு கூட்டத்தை விட்டு விலகி, புதர் மறைவில் தரையில் தனியாக உட்காரும். மூசாங்கும் உடும்பும் பாம்பும் திரியும் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் ஆபத்து அல்லவா? அப்படியிருக்க, வீட்டுக் கொல்லையில் மட்டும் இரண்டு கோழிகள் ஒரே கூடையில் போய் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவானேன்? காரணம் நாம்தான். பத்துக் கோழிக்கு இரண்டு கூடை வைத்தால் எல்லாம் அந்த இரண்டிலேயே முட்டையிடும். எந்த முட்டை தன்னுடையது என்று கோழி பிரித்துப் பார்ப்பதில்லை. நிறைந்த கூடையைக் கண்டதும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடைக்கு உட்காரும். ஒன்றின் வயிற்றடியிலிருந்து மற்றொன்று முட்டையை அலகால் மெல்ல உருட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்வதும் உண்டு.

இந்த ஆசைக்குக் காரணமான சுரப்பை விஞ்ஞானம் கண்டுபிடித்தது நெடுங்காலம் கழித்தே. அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் என்ற ஆய்வாளர் தம் துணைவர்களோடு 1933இல் ஒரு சுரப்புக்குப் புரோலாக்டின் என்று பெயரிட்டார். மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் அதே சுரப்பைக் கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினால் அவை அடைக்கு உட்காருகின்றன என்று 1935இல் அவர்கள் எழுதினர். பாலூட்டும் தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே சுரப்புதான் என்பது வியப்புக்குரியது.

சுரப்பின் பெயர் தெரியாவிட்டாலும் அதை அடக்கும் வழியை முன்னோர் அறிந்திருந்தார்கள். கோழி ஓயாமல் அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுபோகும். அதைத் 'தெளிய வைக்க' தமிழகத்துக் கிராமங்களில் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அல்லது அதன் மூக்குத் துளையில் ஓர் இறகைச் செருகிவிடுவார்கள். இறகு உறுத்திக்கொண்டே இருக்க, கோழி உட்கார மனமின்றி அலையும். இதே இறகு வைத்தியத்தை ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரியின் வேளாண்மை எழுத்தாளர் கொலுமெல்லா எழுதிவைத்திருக்கிறார்! அவர் ஸ்பெயின் நாட்டுக் காடிஸ் நகரில் பிறந்தவர். பன்னிரண்டு பகுதிகள் கொண்ட அவருடைய வேளாண்மை நூலில் எட்டாம் பகுதி கோழி முதலிய வீட்டுப் பறவைகளைப் பற்றியது. அடைக்கூட்டில் இடி முழக்கத்தால் முட்டை கெடாதிருக்க இரும்பு ஆணி போட்டுவைக்கும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகிறார். நம்மவர்களும் அடைக்கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவார்கள். கேட்டால் இடிக்காக என்றே சொல்வார்கள். ரோமாபுரிக் கப்பல்கள் தமிழகத்துத் துறைமுகங்களுக்கு வந்து போன காலம் அது. ஆனாலும் கோழி வைத்தியம் கப்பலேறி வந்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன். இடியும் முட்டையும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

குஞ்சுகளைச் சேர்த்து வளர்ப்பது பற்றிக் கொலுமெல்லா சொல்வது இன்னும் கூர்மையானது. இரண்டு மூன்று கோழிகள் பொரித்த குஞ்சுகளை நல்ல தாய்க்கோழி ஒன்றிடம் ஒப்படைக்கலாம் என்கிறார். ஆனால் அதை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும். தன் குஞ்சு எது, பிறர் குஞ்சு எது என்று தாய் வேறுபடுத்தி அறிய முடியாத நேரம் அதுதான். முப்பது குஞ்சுகளுக்கு மேல் ஒரு தாயிடம் விடக்கூடாது என்று கணக்கும் தருகிறார். இப்படிக் குஞ்சு சேர்ப்பதைக் கிராமத்துப் பெண்கள் இரவில் செய்வார்கள். விளக்கை அணைத்துவிட்டு, புதுக் குஞ்சை மெல்லச் சிறகுக்கடியில் தள்ளிவிடுவார்கள். விடிந்து எழும்போது எல்லாம் அதன் பிள்ளைகள்!

தாய்க்குக் கண்ணைவிடக் காதே முக்கியம் என்பதையும் பின்னாளில் கண்டார்கள். 1960இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெளியிட்ட வான்கோழி ஆய்வு ஒன்று மனத்தை உலுக்குவது. காது கேளாமல் செய்யப்பட்ட தாய்கள் தாம் பொரித்த குஞ்சுகளையே கொத்திக் கொன்றுவிட்டன. குஞ்சின் குரல் செவியில் விழாதபோது, கூட்டுக்குள் அசைவதெல்லாம் பகையாகத் தோன்றியிருக்கிறது. கோழிக் குஞ்சும் ஓட்டுக்குள் இருக்கும்போதே, வெளிவருவதற்கு முதல் நாளே, கீச்சிடத் தொடங்குகிறது. தாயும் தணிந்த குரலில் பதில் கொடுக்கிறது. உறவு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இந்த நேரக் கணக்கில்தான் கூட்டுத் தாய்மையின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன. இரண்டு கோழிகளும் ஒரே நாளில் உட்கார்ந்து ஒரே நாளில் பொரித்தால், இரண்டும் சேர்ந்து குஞ்சுகளை மேய்க்கும். ஒன்று மண்ணைக் கிளறிக் கூப்பிட்டால் எல்லாக் குஞ்சும் ஓடும். பருந்தின் நிழல் கண்டு மற்றொன்று குரல் கொடுத்தால் எல்லாம் பதுங்கும். மழை வந்தால் கிடைத்த சிறகில் புகுந்துகொள்ளும். ஆனால் ஒன்று நாலு நாள் முந்திவிட்டால் வந்தது வினை. முதல் குஞ்சின் குரல் கேட்டதும் இரண்டாம் கோழியும் தன் முட்டைகளை விட்டு எழுந்து, அந்தக் குஞ்சுகளுக்கே தாயாகப் போய்விடும். ஆறிப்போன முட்டைகளுக்குள் உயிர் போகும். சில வேளை, மூத்த குஞ்சுகளின் தாய் பிந்திப் பிறந்த இளங்குஞ்சுகளை அந்நியர் என்று கொத்துவதும் உண்டு. தாய்க்கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது என்பது நம் பழமொழி. அடுத்த வீட்டுத் தாய்க்கோழிக்கு அந்த உறுதியை யாரும் கொடுக்கவில்லை.

மனிதர்களும் முறை வைத்து அடைகாத்த கதை ஒன்று உண்டு. ரோமாபுரியின் லிவியா, கி.மு. 42இல் பிறந்த திபேரியஸைக் கருவுற்றிருந்தபோது, ஆண் பிள்ளைதானா என்று குறி பார்க்க ஒரு முட்டையைத் தம் கையிலும் தோழியர் கையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பொரிக்கச் செய்தாராம். அழகிய கொண்டையுள்ள சேவல் வந்தது என்று சுவெத்தோனியஸ் எழுதுகிறார். அந்தப் பிள்ளை பேரரசனும் ஆனான்.

கோழியே இல்லாமல் குஞ்சு பொரிப்பதும் பழைய கலைதான். எகிப்தில் சாணக் குவியலின் சூட்டில் முட்டைகள் பொரிப்பதை அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். பிற்காலத்தில் அங்கே மண்ணடுப்புக் கூடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தார்கள். பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் அவற்றை ஆராய்ந்து 1749இல் நூல் வெளியிட்டார். பொரித்த குஞ்சுகளுக்குத் தாய் வேண்டுமே என்று, விதையடித்த சேவல்களைக் குஞ்சு மேய்க்கப் பழக்கும் முறையையும் அவர் எழுதினார். 1879இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் தம் பொரிக்கும் பெட்டியை உருவாக்கினார். அதன்பின் கோழிப் பண்ணை தொழிற்சாலை ஆயிற்று.

இங்கே இயற்கையின் ஒரு ஏற்பாடு வணிகத்துக்குப் பயன்பட்டதைக் கவனிக்கவேண்டும். பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் தாங்கும். பிந்தும் தம்பி தங்கைகளுக்காகத் தாயின் சிறகடியில் காத்திருக்க அமைந்த ஏற்பாடு இது. 1892இல் நியூ ஜெர்சியில் ஒரு வியாபாரி இதை நம்பியே ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்துத் தொலைவூருக்கு அனுப்பினார். 1918இல் அமெரிக்க அஞ்சல் துறையும் குஞ்சுப் பெட்டிகளை ஏற்றுக்கொண்டது. தாய்க்கோழிக்கு வேலை போயிற்று.

வேலை போனதோடு நிற்கவில்லை. அடைக்கு உட்காரும் கோழி, 21 நாளும் அதன்பின் குஞ்சு மேய்க்கும் ஆறெட்டு வாரமும் முட்டையிடாது. பண்ணைக்காரர் கண்ணுக்கு அது நஷ்டம். ஆகவே அடை உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தனர். வெள்ளை லெகார்ன் அப்படி வந்த இனம். இன்றைய பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுகிறது. அதில் ஒன்றையும் பொரிக்க அதற்குத் தெரியாது. மின்சாரமும் தீவனக் கப்பலும் நின்றால் அதன் வம்சமும் நிற்கும்.

2022 ஜூன் முதல் நாள், தீவன விலை ஏறி உள்நாட்டில் தட்டுப்பாடு வந்தபோது, மலேசியா மாதம் 36 லட்சம் வரையிலான கோழி ஏற்றுமதியை நிறுத்திற்று. சிங்கப்பூர்ச் சந்தைகள் திகைத்தன. அம்மாத நடுவில் கம்பத்துக் கோழிக்கும் கருங்கோழிக்கும் மட்டும் முதலில் வழி திறந்தது. அந்தக் கம்பத்துக் கோழியிலும் பெரும்பகுதி இப்போது இயந்திரத்தில் பொரித்ததே.

கொல்லையில் நாட்டுக்கோழி வைத்திருப்பவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இரண்டு கோழி ஒரே வேளையில் அடைக்குத் தயாரானால், அவர்கள் இரண்டு கூடையை ஓர் எட்டு இடைவெளியில் வைத்து, ஒரே மாலையில் முட்டைகளைப் பங்கிட்டு வைப்பது நல்லது. முட்டைகளில் கரியால் குறி போட்டுவிட்டால், பின்னால் வந்து இடும் கோழிகளின் முட்டையைத் தினமும் எடுத்துவிடலாம். 21ஆம் நாள் இரவு முடிந்ததும் இரண்டு கூடைக் குஞ்சுகளையும் ஒன்றாக விடலாம். மேய்ப்பதை அவை இரண்டும் பார்த்துக்கொள்ளும்.