பிழை என்று சொன்னவர் யார்?



எழுத வரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எனக்கு இலக்கணம் வராதே, நான் எழுதலாமா?" என்பதைத்தான். இந்தத் தயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் முன்னோர் இலக்கணத்துக்கு அந்நியர் அல்லர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அதை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவர். இலக்கணமும் நிகண்டும் கற்றவர். சாதிப் பெயர்களையும் பண்டிகைப் பெயர்களையும் சொல் சொல்லாகப் பிரித்து, அவற்றுக்குள் ஒரு பௌத்த வரலாறு புதைந்திருப்பதாக வாதிட்டார். அவர் கையில் இலக்கணம் ஆயுதமாக இருந்தது.

அதே இலக்கணம் நமக்கு எதிராகவும் நீட்டப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுமொழியைக் கதைகளுக்குள் கொண்டுவந்தபோது, மரபுவாதப் பண்டிதர்கள் அதை 'இழிசனர் வழக்கு' என்றார்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். ஒற்றுப்பிழையைப் பற்றியோ வேற்றுமை உருபைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை. பேசுகிறவரின் பிறப்பு மட்டுமே இருக்கிறது. முடிதிருத்தகத்தில் உழைத்தபடியே எழுதிய ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய 'மல்லிகை' இதழ் பல பத்தாண்டுகள் வெளிவந்தது.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதுவரை பேச்சுமொழிக்குப் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள்தான் இடம். கதைசொல்லி 'நல்ல தமிழில்' நின்று பேசுவார். ஊரும் சேரியும் போலப் பக்கமும் பிரிந்து கிடந்தது. பாமா கதைசொல்லியையே சேரி மொழியில் பேச வைத்தார்.

அப்படியானால் பிழை பார்க்கவே வேண்டாமா? வேண்டும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். ஓர் ஒற்றில் பொருள் மாறுகிறது. வன்கொடுமைப் புகாரில் 'அடித்தார்கள்' என்பது 'அடிக்க வந்தார்கள்' என்று பதிவானால் வழக்கே வேறாகிவிடும். நம் மக்கள் சார்பில் மனு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். எனவே தட்டச்சுப் பிழையை, ஒற்றுப்பிழையை, பொருள் குழப்பும் வாக்கியத்தைத் தயங்காமல் திருத்துவோம்.

ஆனால் 'ஆத்தா கஞ்சி ஊத்துச்சு' என்பதைத் 'தாய் கஞ்சி வார்த்தார்' என்று மாற்றுவது திருத்தமாகாது. 'ஊத்துச்சு' என்ற அஃறிணை முடிவு பாடநூலுக்குப் பிழை. நம் ஊர்கள் பலவற்றில் அது நெருக்கத்தின் சொல். அதை மாற்றினால் ஆத்தாவே அந்த வரியிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

மாணவர்களிடம் நாம் கேட்பது இதுதான். முதல் படியை உங்கள் வாயில் வருகிற மொழியில் எழுதுங்கள். இலக்கணத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அது எவருடைய பரம்பரைச் சொத்தும் அல்ல. உங்கள் எழுத்தில் யாராவது சிவப்பு மை வைத்தால், பொருள் தெளியவா, ஆள் மறையவா என்று கேளுங்கள். முதலாவதற்கு நன்றி சொல்லுங்கள். இரண்டாவதற்கு இணங்காதீர்கள்.