நைல் நதிக்கரையில் ஊசியும் ஈரலும்

எகிப்து நைல் நதியின் கொடை என்று வகுப்பறைகளிற் சொல்லிப் பழகிவிட்டோம். அந்நதியோடு வந்த நோயைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. வாய்க்கால் நத்தைகளிலிருந்து வெளிப்படும் நுண்ணிய புழுவொன்று, நீரில் இறங்கும் உழவனின் தோலைத் துளைத்து உடலினுட் புகும். சிறுநீரிற் குருதி கலந்து வரும். காலப்போக்கில் சிறுநீர்ப்பையோ ஈரலோ கெடும். 1851ஆம் ஆண்டு கெய்ரோவிற் பணியாற்றிய பில்ஹார்ஸ் என்னும் செருமானிய வைத்தியர் இப்புழுவைக் கண்டறிந்தார். மூவாயிரம் ஆண்டுப் பழைமையுடைய பதனிட்ட பிரேதங்களிலும் அதன் முட்டைகள் இருந்தமை 1910இல் வெளியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. பருத்தி பெருகிற்று, நத்தையும் பெருகிற்று.

இந்நோய்க்கு நெடுங்காலம் ஒரே மருந்துதான் கைகொடுத்தது. அந்திமனி உப்பொன்றை நாளத்தில் ஊசிமூலம் ஏற்றினால் நோய் தீரும் என்பதை 1918இல் கார்ட்டூம் நகரிலிருந்து கிறிஸ்தோபர்சன் என்னும் வைத்தியர் எடுத்துக் காட்டினார். அம்மருந்தைக் கொண்டே 1961 முதல் எகிப்திய அரசாங்கம் நாட்டுப்புறமெங்கும் பேரியக்கமொன்றை நடத்திற்று. ஒரு நோயாளிக்கு ஓர் ஊசி போதாது. வாரம் ஒன்றாகப் பத்துப் பதினைந்து வரை ஏற்ற வேண்டும். ஆண்டுதோறும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகள் ஏற்றப்பட்டன. வரிசையோ நீண்டது, கண்ணாடிக் குழல்களோ சில. ஒருவர் கையிலிருந்து எடுத்த ஊசி, சரிவரக் கொதிக்க வைக்கப்படாமலே அடுத்தவர் கைக்குச் சென்றது.

அக்காலத்தில் எவர்க்கும் தெரியாதே என்று சொல்லி இக்கதையை முடித்துவிடுவார் உளர். அது பாதி உண்மையே. குறிப்பிட்ட இக்கிருமி அன்று அறியப்படவில்லை என்பது மெய். ஆயினும் 1942இல், மனிதக் குருதிநீர் கலந்த தடுப்பு மருந்தினால் அமெரிக்கப் படையினர் பல்லாயிரவர் செங்கமாரியில் விழுந்தனர். தூய்மையற்ற ஊசிக்குழல் அந்நோயைக் கடத்தும் என்பதை இங்கிலாந்து வைத்தியர்கள் அதே பத்தாண்டில் எழுதியும் வைத்தனர். அறிவு நூலகத்தில் இருந்தது. வாய்க்காற்கரை மருந்தகத்தை அது எட்டவில்லை. புழுநோயின் கொடுமையை நோக்குமிடத்து, அவ்வியக்கத்தை நடத்தியோரைக் குற்றவாளிகள் என்று கூற என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர்கள் செய்ததன் பயனை அனுபவித்தவர் உழவரே.

1980களில் விழுங்கும் மாத்திரை வந்தது, ஊசி ஓய்ந்தது. 1989இல் ஹெபடைடிஸ் சீ என்னும் ஈரலழற்சியின் கிருமி கண்டறியப்பட்டது. அதன் தொடர்பான ஆராய்ச்சிக்காக ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் ஆகிய மூவர் 2020இல் நோபெல் பரிசு பெற்றனர். இக்கிருமி இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி உறைந்திருந்து, பின்னரே ஈரலைத் தழும்பாக்கும். எனவே ஊசி பெற்ற சிறுவர் முதுமையை அணுகும்போதே கேட்டின் அளவு தெரிந்தது. 2008இல் நடந்த கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரையுள்ளோரில் 100க்கு ஏறத்தாழ 15 பேரின் குருதியில் அதன் அடையாளம் காணப்பட்டது. வயது ஏற ஏற விகிதமும் ஏறிற்று. ஊசி மிகுதியாய் ஏற்றப்பட்ட பிரதேசங்களில் நோயும் மிகுந்திருந்ததை 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று முன்னரே காட்டியிருந்தது.

பழைய சிகிச்சையும் ஊசிதான். ஓராண்டளவு நீடிக்கும், பலருக்குப் பயன்தராது. 2013இல் சொவொஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது; 12 வாரத்துக்கு 84,000 டொலர்! எகிப்து பேரம் பேசி 2014இல் அதனை 900 டொலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டிலேயே செய்து விலையை மேலும் குறைத்தது.

மருந்து கிடைத்தபின் ஒரு விந்தையான இடர் தோன்றிற்று: நோயாளரைக் காணவில்லை. தம் நோயை அறிந்தவர்கள் பெருநகர் நிலையங்களுக்கு வந்து குணமடைந்து சென்றனர். ஏனையோர் தமக்கு நோயுண்டு என்பதே அறியாது வயலில் நின்றனர். ஆகவே 2018 ஒக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, பரிசோதனையே ஊர்களை நோக்கிச் சென்றது. கிராமச் சுகாதார நிலையங்களிலும் நடமாடும் வண்டிகளிலும், விரல்நுனியிலிருந்து ஒரு துளி குருதி. சில நிமிடத்தில் விடை. அடையாளம் காணப்பட்டோர் உறுதிப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டனர். நோய் உறுதியானோர்க்கு மாத்திரை இலவசம். ஏழு மாதங்களில் ஏறத்தாழ 4 கோடி 96 இலட்சம் பேர் பரிசோதிக்கப்பட்டனர். சிகிச்சையின் முடிவு அறியப்பட்டோருள் 100க்கு 98 பேருக்கு மேல் குணமடைந்தனர்.

நேயர்களே, எந்த வாயிலில் நோய் ஏறிற்றோ அதே வாயிலுக்கு அம்மக்கள் மீண்டும் வந்து கைநீட்டினர். இலக்கங்களிலும் இதுவே என்னை வியக்கச் செய்கிறது. கட்டணமின்மை ஒரு காரணமாகலாம். அயலவர் அனைவரும் ஒருங்கே சென்றமையால் நாணத்துக்கு இடமின்றிப் போனமை மற்றொன்றாகலாம்.

2023 ஒக்டோபரில் உலக சுகாதார தாபனம், இந்நோயை ஒழிக்கும் பாதையில் பொற்றரம் எய்திய முதல் நாடென எகிப்தை அறிவித்தது. ஆயினும் கிருமி நீங்கியபின்னும் தழும்பேறிய ஈரல் பழைய ஈரலாவதில்லை. புற்றுநோய் தோன்றுமோ என்று ஆறு மாதத்துக்கொருமுறை பார்க்க வேண்டும். முன்னாளில் ஊசிக்காக வரிசையில் நின்ற முதியோருட் பலர்க்கு அப்பயணம் இன்னும் முடியவில்லை.