அம்பின் மூவுறுப்புக்கள்

கடலூர் மாவட்டத்து நெல்லிக்குப்பம் கரும்புக்கும் சருக்கரை ஆலைக்கும் பெயர்பெற்ற ஊராகும். அதற்கு மேற்கே, பண்ணுருட்டியை அடுத்துக் கெடிலக்கரையில் திருவதிகை அமைந்துள்ளது. சிவபெருமான் முப்புரம் எரித்த இடமெனப் போற்றப்பெறும் வீரட்டானம் அதுவே. அக்கதையைப் பத்திச் சுவைக்காகப் படிப்பார் பலர்; அதனுள் ஒரு கைத்தொழிலின் நுட்பம் பொதிந்து கிடத்தலைக் காண்பார் சிலரே. மேருவை வில்லாகவும் வாசுகியை நாணாகவும் கொண்ட இறைவன் எய்த அம்பு ஒரு பொருளால் ஆகியதன்று. திருமால் கோலாகவும், தீக்கடவுள் முனையாகவும், காற்றுக்கடவுள் இறகாகவும் அமைந்தனர் என்பது புராண வழக்கு. தைத்திரீய சங்கிதையும் தீயை முனையாகவும், சோமனை முனை பொருந்தும் இடமாகவும், திருமாலைக் கோலாகவும் கூறும். அழிப்பது முனை, தாங்குவது கோல், காற்றோடு உறவுகொள்வது இறகு. அம்பு செய்யும் கையை அருகிருந்து காணாத ஒருவர் இக்கற்பனையைப் படைத்தல் அரிது.

நம் நிகண்டுகளோ அம்பு, கணை, கோல், வாளி, பகழி, சரம் என்பவற்றை ஒரு பொருட் பன்மொழியாகத் தொகுத்துக் கூறுகின்றன. அதனால் இச்சொற்கள் செய்யுளின் எதுகை மோனைக்காக மாறிமாறி வருவன என்னும் எண்ணம் மாணாக்கரிடையே வேரூன்றியுள்ளது. இதனோடு பிறிதோர் எண்ணமும் சேர்ந்து வரும். வேட்டுவரும் எயினரும் ஊரொடு தொடர்பின்றிக் காட்டில் தனித்து வாழ்ந்த மக்கள் என்பதே அது. இவ்விரண்டும் பொருந்துமா என்பதை அம்பின் உறுப்புக்களைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோல்

அம்பிற்குக் கோல் என்னும் பெயர் அதன் தண்டினால் வந்தது. கணை என்பதையும் கணைக்கால், கணையமரம் என்பவற்றோடு ஒப்புநோக்கின், திரண்டு நீண்ட வடிவே அச்சொல்லின் உட்பொருள் எனக் கொள்ள இடமுண்டு. சரம் என்னும் வடசொல்லோ முதற்கண் நாணல் வகையினதாகிய ஒரு புல்லின் பெயர். பின்னரே அதனாற் செய்த அம்பிற்கு ஆயிற்று. கௌடிலியரின் அருத்தசாத்திரம் அம்பு வகைகளைக் கூறுங்கால் மூங்கிலையும் இந்நாணலையும் முதலில் வைக்கின்றது. ஆகவே, ஆற்றங்கரையில் விளைவதே அம்பின் தொடக்கம்.

வெட்டிய நாணல் உடனே அம்பாகாது. நிழலில் உலர்த்தி, வளைந்த இடத்தைத் தணலிற் காட்டி, சூடு ஆறுமுன் எதிர்ப்புறமாக வளைத்து நேராக்குதல் வேண்டும். தம்மபதம் அறிவுடையோன் உள்ளத்தை நேராக்குதற்கு அம்பு செய்வோன் செயலையே உவமை காட்டுகின்றது. வள்ளுவரும் அம்பின் நேர்மையையும் யாழ்க்கோட்டின் வளைவையும் எதிரெதிர் நிறுத்தி, வடிவு கண்டு மயங்காது செயலால் ஒருவரை அறியுமாறு கூடாவொழுக்கத்திற் கற்பிக்கின்றார். நேர்மை அம்பிற்கு இன்றியமையாத இயல்பு என்பது கேட்போர் அனைவர்க்கும் தெரிந்திருந்தமையாலன்றோ அவ்வுவமை சிறக்கின்றது?

இறகு

நாண் பொருந்தும் பிளவு குதை எனப்படும். அதனையடுத்துக் கட்டப்பெறுவது இறகு. உடு என்னும் சொல் அம்பையும் அம்பின் இறகையும் குறிக்கும். ஈர்க்கு என்பதும் இறகைக் குறிக்க வழங்கியதுண்டு. ஓருறுப்பின் பெயர் முழுப் பொருளுக்கும் ஆகுமளவு இறகு சிறப்புற்றமைக்குக் காரணம் உண்டு. எய்த அம்பு பக்கவாட்டில் திரும்ப முயலுமாயின், வால்புறத்து இறகைக் காற்று தள்ளி மீண்டும் நேர்வழிப்படுத்தும். ஒரே பக்கச் சிறகினின்று எடுத்த இறகுகளைக் கட்டினால், அவற்றின் வளைவு ஒத்திருத்தலால் அம்பு தன்னைத்தானே சுழன்று செல்லும். சுழற்சி அதன் நெறியைக் காக்கும். காற்றுக்கடவுள் இறகானமையின் பொருத்தம் இதனால் விளங்கும்.

முனை

கோல் ஆற்றங்கரையினின்றும் இறகு பறவையினின்றும் கிடைப்பன. முனை அவ்வாறன்று. மிகப் பழங்காலத்தில் எலும்பே முனையாயிற்று. இலங்கையின் பாகியன் குகையிற் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகட்கு முற்பட்ட வில்வேட்டைக்குச் சான்றாவன என 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். குரங்கும் அணிலும் ஆகிய சிறு விலங்குகளே அவ்வேட்டையிற் பெரும்பங்கு பெற்றன. அருத்தசாத்திரமும் இரும்பு, எலும்பு, மரம் என முனையை மூவகைப்படுத்தி, வெட்டல், துளைத்தல், மோதல் என அவற்றின் தொழிலையும் கூறுகின்றது. தமிழில் மொட்டம்பு எனப்படும் மழுங்கிய அம்பு மோதும் வகையினது. பறவையை அடித்து வீழ்த்தற்கும் இறகும் தோலும் கெடாமற் காத்தற்கும் அவ்வகை ஏற்றது.

இரும்பு முனை வந்தபின் வேட்டுவன் வாழ்வு மாறியது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் இரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழ்வில் இரும்புப் படைக்கலங்கள் பல கிடைத்தன. இரும்பை உருக்கி அடித்தல் கொல்லன் தொழில். உலைக்களமோ ஊரில் உள்ளது. எனவே, ஒவ்வோர் இரும்பு அம்பும் காட்டிற்கும் ஊருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு கொடுக்கல் வாங்கலின் சான்றாகும்.

அக்கொடுக்கல் வாங்கல் எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதற்கு இலங்கை வேடரைப் பற்றிய குறிப்பொன்று துணைசெய்கின்றது. 1660இல் கண்டியரசனாற் சிறைப்பட்டு ஏறத்தாழ 20 ஆண்டு அத்தீவில் வாழ்ந்த இராபர்ட்டு நாக்சு 1681இல் வெளியிட்ட நூலில் அச்செய்தியைத் தருகின்றார். வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டும் அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் உடன் வைப்பர். கொல்லன் அவ்வடிவிற் செய்து வைப்பின் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாதொழியின் இரவில் அம்பெய்து தீங்கிழைப்பர். ஒருவர் முகம் ஒருவர் காணாத இவ்வாணிகத்தில் ஓர் இலையே ஓலையாகியது.

வேடர் வழக்கத்தை அப்படியே சங்ககாலத்திற்கு ஏற்றுதல் ஆய்வு நெறியன்று. எனினும், தனித்து வாழ்ந்தோராகத் தோன்றும் வேட்டுவரும் கொல்லனைச் சார்ந்தே வாழ்ந்தனர் என்னும் உண்மையை இது காட்டுகின்றது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் அளிக்கின்றனர். நடுநாட்டுக்கு வடக்கேயுள்ள ஓய்மானாட்டு வேலூரில் நிகழ்வது இது. புளியும் சோறும் இறைச்சியும் ஒரு கலத்திற் கூடுதல், வேட்டுவர் மனை வழிப்போக்கர்க்குத் திறந்திருந்தது என்பதையும், பிற நிலத்துப் பொருள் ஆங்கு வந்தது என்பதையும் ஒருங்கே உணர்த்துகின்றது.

முடிவுரை

வேட்டை ஒழிந்தபின்னும் அம்பு ஒழிவதில்லை. நீலகிரித் தோடரிடையே கருவுற்ற மனைவிக்குக் கணவன் சிறு வில்லும் புல்லாலாகிய அம்பும் அளித்துத் தந்தைமையை நிறுவும் சடங்கை ரிவர்சு 1906இல் தம் நூலில் விளக்கினார். வயநாட்டுக் குறிச்சியர் பழசி அரசன் பக்கம் நின்று கும்பினியாரை வில்லால் எதிர்த்தனர்; 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கியோர் அவருள் இருந்தனர். ஆனால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் வேட்டைக்காக அம்பு செய்தல் நம் நாட்டில் வழக்கிறந்து வருகின்றது. விலங்குகளைக் காக்கும் அச்சட்டம் வேண்டுவதே. அதனை யாம் குறைகூறவில்லை. தொழில் நிற்கும்போது அதன் சொற்களும் நின்றுவிடும் என்பதையே நினைவூட்டுகின்றோம்.

குதை, உடு, ஈர்க்கு, மொட்டம்பு என்பன நமக்கு அகராதிச் சொற்கள். ஒரு காலத்தில் அவை யாரோ ஒருவர் கையிற் பிடித்துத் தடவிப் பார்த்த பொருள்கள். அக்கையின் வழிவந்தோர் மலைச்சரிவுகளில் இன்றும் வாழ்கின்றனர். முதியோர் உள்ளபோதே அவரிடம் சென்று, உறுப்புக்கு ஒரு சொல்லாகக் கேட்டெழுதுதல் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாறு செய்யின், பாட்டிலுள்ள அம்பும் பகழியும் எதுகைக்காக வந்த சொற்களா, பொருளறிந்து புலவர் தெரிந்தெடுத்த சொற்களா என்பது தெளிவுறும்.