சோக்கின் சரித்திரம்

நான்கடி நீளக் குழல்விளக்கு நம் வீடுகளின் கூடத்துச் சுவரில் ஏறி அமர்ந்து, குண்டு பல்பைச் சமையலறைக்கும் கொல்லைப்புறத்துக்கும் ஒதுக்கிவிட்ட காலத்தில், அதன் வெள்ளை வெளிச்சத்தை வியந்தவர்கள் பலர். குழலைத் தாங்கும் பட்டிக்குள் கனத்துக் கிடந்து மெல்ல உறுமிக்கொண்டிருந்த சோக்கை நினைத்தவர்கள், அதைக் கழற்றி மாட்டும் எலக்ட்ரீஷியனைத் தவிர, அநேகமாக எவருமில்லை. ஆயினும் மின்சாரச் சிக்கனத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் சோக்கைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை சுயகட்டுப்பாடு உடையது. சூடேறச் சூடேற அதன் மின்தடை பெருகி, அளவுக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தானே மறுத்துவிடும். ஆனால் பெற்ற சக்தியில் பெரும்பகுதியை உஷ்ணமாகவே விரயம் செய்துவிடும். குழல்விளக்கின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியில் எட்மண்ட் ஜெர்மரும் அவருடைய கூட்டாளிகளும் 1926-இல் காப்புரிமை கோரியதும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததுமான இவ்வகை விளக்கில், பாதரச ஆவியினூடே பாயும் மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை எழுப்ப, கண்ணாடியின் உட்புறம் பூசிய பாஸ்பர் பொடி அதை வாங்கி வெள்ளொளியாக மாற்றித் தருகிறது. ஆனால் மின்சாரம் பாயப் பாய ஆவியின் தடை குறைந்துகொண்டே போவதால், தடுப்பார் இல்லாவிடில் குழல் தன்னையே அழித்துக்கொள்ளும். அந்தத் தடுக்கும் உத்தியோகந்தான், இரும்புத் தகடுகளின்மேல் கம்பி சுற்றிய சோக்கினுடையது. 40 வாட் குழலை அடக்கி வைப்பதற்குக் கூலியாக அது சுமார் 10 வாட்டை விழுங்கிவிடும். அவ்வளவையும் கொடுத்த பின்னரும் 60 வாட் குண்டு பல்பைப்போல் மூன்று மடங்கு வெளிச்சம் கிடைத்தபடியால், வாங்கியவர்கள் அந்தக் கூலியைப் பொருட்படுத்தவில்லை.

கோடை மாலைகளில் ஊரெல்லாம் ஒரே வேளையில் விளக்கேற்ற, வோல்டேஜ் தாழ்ந்து, குழலின் முனைகள் மட்டும் செம்மையாகக் கனன்று நடுப்பகுதி எரிய மறுக்கும்போது, வீட்டில் உயரமானவர் ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்த்து, குழலை ஹோல்டரில் சற்றே உருட்டி, ஒருவாறு அதைப் பிடித்துக்கொள்ளச் செய்ததும், "இனிமேல் படுக்கப் போகிறவரை யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது" என்று கூடத்துக்கு உத்தரவு பிறக்கும். சிறு உருளையான அந்த ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்து சுற்றை மூடிப் பின் திறக்கும் கணத்தில், சோக்கு ஓர் உயர் அழுத்தத் துடிப்பை எழுப்பிக் குழலை உயிர்ப்பிக்கிறது. ஆகவே அடக்குவது மட்டுமன்றி எழுப்புவதும் அதன் வேலையே. பின்னாளில் வந்த எலக்ட்ரானிக் சோக்கு ஸ்டார்ட்டரை அகற்றி, உறுமலையும் ஒழித்து, கூலியையும் வெகுவாகக் குறைத்தது.

குழலுக்குப் பின் அதன் இடத்துக்கு வந்த எல்.இ.டி. என்னும் ஒளி உமிழும் டயோடின் கதையோ நெடியது. நிக் ஹோலோனியாக் 1962-இல் சிவப்பொளி தரும் டயோடைச் செய்து காட்டிய பிறகு, பிரகாசமான நீலத்துக்கு உலகம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் காத்திருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளொளி பிறக்கும் என்பதால், பாதரசம் போய்விட்டாலும் பாஸ்பர் போகவில்லை. அடக்குபவரின் தேவையும் போகவில்லை; ஏறத்தாழ 3 வோல்ட்டில் ஒளிரும் வெள்ளை எல்.இ.டி., அழுத்தம் சிறிது மிஞ்சினாலும் மின்சாரத்தைத் தாறுமாறாக உள்ளே விட்டுக்கொண்டு கருகிவிடும் பிராணி.

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் மின்வெட்டு வாட்டியபோது, குறிப்பாக 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரமின்றிக் கழிந்தபோது, பாட்டரியைக் கொண்டு நெடுநேரம் எரியும் விளக்கு ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாயிற்று. கைவேலை தெரிந்தவர்கள் பழைய பட்டியிலிருந்து சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, அலுமினியச் சட்டத்தில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஒட்டி, சோக்கு இருந்த இடத்தில், சுவர் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் ஒரு சிறு எஸ்.எம்.பி.எஸ்.ஸை வைத்துவிட்டால், அதே விளக்கைச் சுவர் மின்சாரத்திலும் பாட்டரியிலும் ஏற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்காத உதிரிபாகம் இதில் எதுவுமில்லை. அந்தப் பட்டையைக் கூர்ந்து பார்த்தால் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும்: மூன்றும் சேர்ந்து 9 வோல்ட்டை வாங்கிக்கொள்ள, மிச்சம் 3 வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகிறது, அதாவது, சிக்கனத்துக்கென்று கட்டிய விளக்கிலும் கால்பங்கு சக்தி காவலனுக்கே கூலியாகிறது! இதைத் தவிர்க்க எண்ணி, எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் விட்டுவிட்டு, வெறும் கெபாசிட்டரையும் நான்கு டயோடுகளையும் கொண்டு 230 வோல்ட்டில் நேரே பல எல்.இ.டி.க்களை வரிசையாகக் கோத்தவர்களும் உண்டு. செலவு சொற்பம், ஆனால் கோத்த வரிசை முழுதும் மின்கம்பியோடு நேர்த்தொடர்பில் இருப்பதால், எரியும்போது தொட்டவன் கதி விபரீதம். இந்த முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கி, மொத்தக் கொள்முதலால் எல்.இ.டி. பல்பின் விலை சரசரவென்று இறங்க, தொழிற்சாலையில் செய்த 20 வாட் குழலும் மலிவாகவே கடைக்கு வந்தபின், வீட்டில் பட்டை ஒட்டுவதற்குப் பொருளாதாரக் காரணம் இல்லாமற்போயிற்று. கைவேலைக்காரர்களின் ஜீவனம் இப்போது பழுது பார்ப்பதில் இருக்கிறது. அணைந்துபோன எல்.இ.டி. குழலைத் திறந்தால், பல வேளைகளில் சில்லுகள் நன்றாகவே இருக்க, சோக்கின் வாரிசான டிரைவர் மட்டும் சூட்டில் செத்துக் கிடக்கும். அதை மாற்றினால் விளக்கு மறுபடி எரியும். டிரைவர் பிழைத்திருந்தால், வரிசையில் கரும்புள்ளி விழுந்த ஒரு சில்லைத் தேடிப் பிடித்து, அதன் இரு முனைகளையும் ஈயப் பற்றால் இணைத்துவிடுகிறார்கள்.